ஹாரிஸ் லைனுக்குக் குடிவந்த பாட்டுக்காரர்கள்

கம்பெனி தங்கவயலில் சுரங்கத்தை மூடி, கூடவே ஊரையும் கைகழுவிப் பல வருஷம் ஆன பிறகு, பனி இன்னும் விலகாத ஒரு தை மாதக் காலையில், செத்துப்போன இங்கிலாந்துப் பாடகன் டெரிக் மால்பி சயனைடு மேட்டுப் பக்கமிருந்து நடந்து வந்து, தொழிலாளர் குடியிருப்பான ஹாரிஸ் லைனில் பூட்டிக் கிடந்த வீடு ஒன்றின் படியில் உட்கார்ந்தான். அந்த மேடு, தங்கம் பிரித்தெடுத்த பிறகு கம்பெனி கொட்டிக் கொட்டி மலையாக்கிவிட்டுப் போன மண். காற்றடித்தால் சாம்பல் நிறத் தூசியை ஊர் முழுக்க வாரி இறைக்கும். அந்தத் தூசி அவனுடைய வெல்வெட் கோட்டிலும் தாடியிலும் அப்பியிருந்தது. குழாயடியில் நின்ற பெண்கள் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தண்ணீர் நிற்பதற்குள் குடம் நிறைய வேண்டுமே என்று மறுபடி குனிந்துகொண்டார்கள்.

அவன் யாரென்று கண்டுபிடித்தவள் எமல்டா. அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தவள், கல்யாணம் ஆகாதவள், பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்து வயிற்றைக் கழுவுகிறவள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவனைக் கடந்து போனவள், அவன் வெறுங்காலைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"டெரிக் மால்பி இவன்," என்றாள் பின்னால் வந்தவளிடம்.

"அவன்தான் செத்துட்டானேக்கா. பேப்பர்லகூட போட்டிருந்தானே."

"செத்தா இன்னா. வலது கால பாரு, ஆறு விரலு."

டெரிக் மால்பிக்கு வலது காலில் ஆறு விரல் என்று அவள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அவனுடைய ஊர்க்காரர்கள் கேட்டால் அவர்களே சிரிப்பார்கள். ஹாரிஸ் லைனில்தான் அது சத்தியம், ஏனென்றால் அது சுவரில் செல்லுபடியான துணுக்கு.

சுவர் என்றால், கம்பெனி கட்டிக்கொடுத்த மன்றமான இன்ஸ்டிடியூட்டின் சுவர். வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்த காலத்திலிருந்து அந்த ஊருக்கு ஆங்கிலப் பாட்டு மேல் ஒரு பைத்தியம். துரைமார் கிளப்பில் சுழன்ற இசைத்தட்டு ஜன்னல் வழியாக லைனுக்குள் வந்து, பூமிக்கடியில் பாறை உடைக்கிறவன் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் பாட்டுப் பைத்தியங்கள் எல்லாம் அந்தச் சுவரில் சாய்ந்துகொள்வார்கள். ஆனால் பாட மட்டும் கூடாது. ராத்திரி ஷிஃப்ட் முடித்தவர்கள் அந்த நேரத்தில்தான் லைன் வீடுகளில் தூங்குவார்கள், சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள், ஒருத்தன் தும்மினால் நாலு வீடு தள்ளி ஒருத்தன் விழித்துக்கொள்வான். ஆகவே பாட்டைப் பாடாமல், பாடுகிறவர்களைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசுவது என்று ஒரு வழக்கம் உண்டாயிற்று. இந்தப் பாடகன் மேடை ஏறும் முன் அவித்த முட்டை தின்பான், அந்தப் பாடகி பீர் ஊற்றித் தலைகுளிப்பாள், இன்னொருத்தனுக்குப் புறா என்றால் நடுக்கம் என்று ஆளுக்கொரு துணுக்கு போட வேண்டும். நல்ல துணுக்கு போட்டவனுக்குப் பாஷா கடையில் எல்லாருமாகச் சேர்ந்து டீ வாங்கித் தருவார்கள்.

அதற்கு இரண்டே சட்டம்தான். ஊருக்கே தெரிந்ததைச் சொன்னால் செல்லாது. யாராவது ஒருத்தர் எழுந்து, இல்லை, நான் கண்ணால் பார்த்தேன் என்று மறுத்தால் செல்லாது. மற்றபடி எல்லாம் செல்லும். லண்டனைக் கண்ணால் பார்த்தவன் எவனும் லைனில் இல்லாததால், எவ்வளவு பெரிய புளுகுக்கும் மறுப்பு வந்ததே கிடையாது. செல்லும், செல்லாது என்று தீர்ப்புச் சொல்கிறவர் சலூன் முனிரத்தினம். வாலிப வயசில் தினமும் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் முடிவெட்டிவிட்டு வந்தவர், பிறகு லைனிலேயே கடை போட்டுக்கொண்டார். ஊர் மொத்தமும் அவர் கத்திக்குக் கழுத்தைக் கொடுத்து உட்கார்ந்தது என்பதால் அவர் தீர்ப்பை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வந்ததில்லை.

மால்பிக்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பாடகி ஃப்ளோரா பென்ஹாலோ வந்தாள். கிட்டார்காரன் வின்னி ஆஷ்கோம் வந்தான். 'காப்பர் லார்க்ஸ்' குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவனும் வந்தான். அவனைப் பற்றிச் சுவரில் சொல்லப்பட்டதெல்லாம் எப்போதும் பின்னால் திரும்பி நிற்பான் என்கிற ஒன்றுதான், ஆகவே எந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் அவனுடைய முதுகுதான் தெரிந்தது. சுரங்கம் மூடியதிலிருந்து பாதி வீடுகள் காலியாகக் கிடந்தன, கூரையைக் கறையான் தின்றுகொண்டிருந்தது, ஆள் புழங்கினால் நல்லதுதான் என்று லைன்காரர்கள் பூட்டை உடைத்துத் துடைப்பமும் வாளியும் கொடுத்தார்கள். டவுனிலிருந்து வந்த போலீஸ்காரர் பாஸ்போர்ட்டைக் கேட்டார். அவர்கள் புன்னகை செய்தார்கள். ஏதோ ஆசிரமத்துக்கு வழிதவறி வந்த வெள்ளைக்காரர்கள் என்று அவரே ஒரு முடிவுக்கு வந்து, பாஷா கடையில் ஓசி டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பழகிப்போக அதிக நாள் ஆகவில்லை. பென்ஹாலோ தலைகுளிக்கப் பீர் கேட்டுக் கடை கடையாக நின்றபோது பெண்கள் அவளை இழுத்துப்போய்க் கஞ்சித் தண்ணீரில் அலசிவிட்டார்கள், அவளுடைய முடி சாக்கடையை அடைத்துக்கொண்டபோது அவர்களே திட்டிக்கொண்டு எடுத்தார்கள். கோயில் மணிக்கூண்டுப் புறாக்களைக் கண்டு மால்பி நடுங்கியதால் அவனுக்குக் குடை பிடித்துப் பூசைக்குக் கூட்டிப்போனார்கள். இவர்கள் ஞானஸ்நானம் வாங்கினவர்களா என்று பங்குச் சாமியார் கேட்டார். அது சுவரில் வந்ததே இல்லை என்றார் முனிரத்தினம். சாமியார் யோசித்துப் பார்த்துவிட்டு, கடைசி பெஞ்சில் உட்காரட்டும், நற்கருணை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வெயில் ஏறியதும் வெல்வெட் தாங்காது என்று எமல்டா அவர்களுக்குப் பருத்திச் சட்டை தைக்கக் கிளம்பினாள். டேப்பை எடுத்துக்கொண்டு வின்னி ஆஷ்கோமை அளந்தவள் அளந்ததை மறுபடி அளந்தாள். ஒரு தரம் ஆள் பனைமரம், மறு தரம் அவள் தோளுக்குக் கீழே. அவன் நெட்டையா, உயர்ந்த குதிகால் செருப்பு போட்ட குட்டையா என்று ஒரு காலத்தில் சுவரில் சண்டை வந்து, மறுக்க ஆளில்லாமல் இரண்டும் செல்லும் என்று முனிரத்தினம் தீர்ப்புச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவளும் பேசாமல் இரண்டு அளவில் இரண்டு சட்டை தைத்தாள். அவனுடைய அம்மா பேர் என்ன என்று கேட்டுப் பார்த்தாள், அவனுக்குத் தெரியவில்லை. பசிக்கிறதா என்று கேட்டாள், அதுவும் தெரியவில்லை.

கோயில் திருவிழாவில் பென்ஹாலோவை மேடையில் ஏற்றிப் பாடச் சொன்னார்கள். அவள் சந்தோஷமாகத்தான் ஏறினாள், மைக்கைப் பிடித்தாள், வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மூடிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போலக் கீழே இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"அவ பாடறத பத்தி நாம எப்பவாச்சும் பேசியிருக்கமா?" என்றார் முனிரத்தினம் மெதுவாக. "தலைக்கு இன்னா ஊத்தறா, இன்னா செருப்பு போடறா, இத்ததான பேசினோம். நாம குடுத்தததான் எடுத்துக்கினு வந்திருக்காங்க. வேற ஒண்ணுமே இல்ல அவங்க கையில."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் குரலைப் பற்றி ஒரு துணுக்கு போட்டுவிடலாம் என்று சுவரில் ஆள் மாற்றி ஆள் முயன்றார்கள். அது வந்து, அவ குரலு இருக்குதே, என்று ஆரம்பிப்பார்கள், அதற்கு மேல் வார்த்தை வராது. இசைத்தட்டில் கேட்டு அழுதவர்கள்தான் எல்லாரும், ஆனால் டீக்காகச் சொல்கிற மாதிரி அதில் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு யாருக்கும் டீ இல்லாமலே கலைந்து போனார்கள். ஊர் கொஞ்சம் இருண்டுபோனது அன்றிலிருந்துதான்.

இத்தனைக்கும் நடுவில் எமல்டா ஒரே ஒரு ஆளுக்காகக் காத்திருந்தாள். அவளுடைய அண்ணன் இஞ்ஞாசி.

இஞ்ஞாசி டிரம்ஸ்காரன். தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதென்று அரிசி மூட்டை மேலும் தலையணை மேலும் அடித்து அடித்தே வித்தை படித்தவன். அப்பா சுரங்கத்தில் பாறை சரிந்து செத்த வருஷம், இருபத்துச் சொச்சம் வயசில், பெங்களூர் ஹோட்டலில் வாசிக்கப் போகிறேன், அங்கிருந்து கப்பலில் வாசிக்கப் போகிறேன் என்று கிளம்பினான். அவன் கப்பல் ஏறிவிட்டான், லண்டனில் வாசிக்கிறான், அவனுக்கு ஒரு குறையும் இல்லை என்பதுதான் ஊருக்குத் தெரிந்த கதை. அதைச் சொன்னவள் எமல்டா. அவளுக்கு முன்னால் எந்தப் பெண்ணும் சுவரில் சாய்ந்தது கிடையாது. அவள் போய்ச் சாய்ந்தாள். இஞ்ஞாசிக்குக் கேப்டன் வெள்ளிக் குச்சி பரிசு கொடுத்தார், இஞ்ஞாசி ஒரு தங்கப் பல் கட்டிக்கொண்டான், எலுமிச்சை பிழிந்துதான் டீ குடிக்கிறான், பனி கொட்டினாலும் ஜன்னலை மூடமாட்டான் என்று ஞாயிறு தவறாமல் ஒன்று சொன்னாள். வீட்டில் அம்மா சூசையம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"செல்லும்னாங்களா?" என்பாள் மகள் படியேறும் முன்பே.

"செல்லும்னாங்கம்மா."

அதற்குப் பிறகுதான் சோற்றில் கைவைப்பாள். ஏன் ஒரு கடுதாசிகூடப் போடமாட்டேன் என்கிறான் என்று அம்மா ஒரு சமயம் ஓயாமல் அழுதபோது, எமல்டா அந்த வாரம் சுவரில் போய், இஞ்ஞாசிக்குத் தமிழே மறந்துபோச்சு, இப்ப எல்லாம் இங்கிலீஷுதான் என்று ஒரு துணுக்கு போட்டாள். அதுவும் செல்லுபடியாயிற்று. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. மகன் லண்டனில் சௌக்கியமாக இருக்கிறான் என்ற நினைப்போடு, வயசாகி, நல்லபடியாகக் கண்ணை மூடினாள்.

இப்போது செத்துப்போன பாட்டுக்காரர்கள் வந்து இறங்க இறங்க, லைன்காரர்கள் எமல்டாவைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்த முகமாக ஒரே சமாச்சாரத்தைச் சொன்னார்கள்.

"பாத்தியா எமல்டா, உங்கண்ணன் வரல. ஆயுசு கெட்டி அவனுக்கு."

"ஆமா," என்பாள் அவள். பிறகு வீட்டுக்குள் போய்த் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, காலை மிதியில் வைக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் செத்தது அவளுக்குத் தெரியும். அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எங்கெங்கோ செத்தவனெல்லாம் இங்கே வருகிறான், என் அண்ணன் மட்டும் ஏன் வரவில்லை என்று வாய்விட்டுக் கேட்கக்கூட அவளுக்கு வழியில்லை. பீரில் தலைகுளிக்கிறவள் வந்துவிட்டாள், முதுகு மட்டும் உள்ளவன்கூட வந்துவிட்டான் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் மத்தியானம் அவன் வந்தான். நீளமான கறுப்புக் கோட்டு, கோட்டுப் பையில் வெள்ளிக் குச்சி இரண்டு, சிரித்தால் ஒரு பக்கம் தங்கப் பல். செத்தபோது இருந்த வயசில் வரவில்லை. துணுக்குகள் அவனை அம்மா சாகிற வரைக்கும் வாழவைத்திருந்ததால், ஐம்பது தாண்டிய, முன்மண்டை வழுக்கை விழுந்த ஆளாக வந்தான். அந்த முகம் அவனுக்கு வாய்க்கவே இல்லாத முகம், அப்பாவின் ஜாடை அதில் அப்படியே இருந்தது. தான் பிறந்த வீட்டைத் திரும்பியும் பார்க்காமல் கடந்துபோய், கோடியில் காலியாகக் கிடந்த வீட்டின் படியில் உட்கார்ந்து, எல்லா ஜன்னலையும் திறந்து வைக்கச் சொன்னான்.

எமல்டா டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். வேறு எதைக் கையில் எடுத்துக்கொண்டு போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ண்ணா," என்றாள்.

"குட் ஆஃப்டர்நூன், மேடம்," என்றான் அவன்.

"ண்ணா, நான்தான். எமல்டா."

புரியாத பாஷை பேசுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பைச் சிரித்தான். அவள் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷைத் தேடிப் பிடித்து, "ஐ யாம் யுவர் சிஸ்டர்," என்றாள்.

"ஹவ் நைஸ்," என்றான் அவன், சந்தோஷமாகவே. அளவெடுக்கக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, டீயில் எலுமிச்சை கிடைக்குமா என்று கேட்டான். அவள் தோளை அளந்தாள், மார்பை அளந்தாள், கை நீளத்தை அளந்தாள். அளந்து முடித்ததும், "தேங்க் யூ, மேடம்," என்றான்.

அத்தனை வருஷத் துணுக்குகளில் அவனுக்குக் கேப்டன் இருந்தார், வெள்ளிக் குச்சி இருந்தது, பல் கட்டிய டாக்டர்கூட இருந்தார். ஒன்றில்கூட அவனுக்குத் தங்கை இல்லை. கதை சொல்கிற அவசரத்தில் அவள் தன்னைச் சேர்த்துக்கொள்ள மறந்துவிட்டாள்.

அவன் வந்துவிட்டதால் அவன் செத்துவிட்டான் என்பது ஊருக்குத் தெரிந்துபோனது. பெண்கள் வந்து எமல்டாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், முனிரத்தினம் மத்தியானமே சலூனைச் சாத்திவிட்டார், பாஷா வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. அன்று சாயங்காலமே இஞ்ஞாசியின் ஆத்துமத்துக்காகச் சாமியார் பூசை வைத்தார். கடைசி பெஞ்சில் மால்பிக்கும் பென்ஹாலோவுக்கும் நடுவில் உட்கார்ந்து, தன் பேர் வாசிக்கப்பட்டபோது அவனும் மரியாதையாகத் தலைகுனிந்தான்.

மறுநாள் குருத்தோலையைக் கையில் வைத்துக்கொண்டே எமல்டா சுவருக்குப் போனாள்.

"இஞ்ஞாசிக்கு ஒரு தங்கச்சி இருந்தா," என்றாள்.

யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. முனிரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எமல்டா, அது ஊருக்கே தெரிஞ்சது. செல்லாதுமா."

"எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தான்."

"நீ பாஷா கட வாசல்ல வுழுந்து பல்ல ஒடச்சிக்கினியே. அதுவும் தெரியும்."

"எனக்குத்தான் பாப்பான்னு பேர் வச்சான்."

"லைனே உன்ன அப்படித்தான கூப்டுச்சு. எனக்கு மட்டும் செல்லும்னு சொல்லணும்னு ஆச இல்லியா? சட்டத்த மீறிச் சொன்னா அது அவன்கிட்ட போயி சேராது. தெரியாத ஒண்ணு சொல்லு. அவனும் நீயும் இருக்கற மாதிரி, எங்க யாருக்கும் தெரியாத ஒண்ணு."

சுவருக்குச் சுவர் ஒட்டிய வீட்டில் வளர்ந்த அண்ணன் தங்கைக்கு ஊருக்குத் தெரியாத சங்கதி எங்கிருந்து வரும். அடித்துக்கொண்டது, சேர்ந்துகொண்டது, திருட்டுத்தனமாக மாங்காய் தின்றது எல்லாமே லைனுக்கு அத்துப்படி. ஊருக்குத் தெரியாமல் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான், அது பெங்களூர் ஆஸ்பத்திரியில் நடந்தது. சரியாகச் சொன்னால், நடக்காமல் போனது.

இஞ்ஞாசி கப்பல் எதுவும் ஏறவில்லை. பெங்களூரில் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டான் என்று அவனோடு வாசித்த ஒருத்தன் ரயிலேறி வந்து எமல்டாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அம்மா அப்போதுதான் அப்பாவின் துக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து ஒரு வேளைச் சோறு சாப்பிட ஆரம்பித்திருந்தாள், அவளிடம் வாயைத் திறக்கவில்லை. காமாலைக்குக் கீழாநெல்லிதான் மருந்து என்று, விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போய்த் தேடித் தேடிப் பறித்து, ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினபோது காலை ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. அவள் பெட்டியோரமாக ஓடினாள், சக்கரத்தைப் பார்த்ததும் பயந்து நின்றுவிட்டாள். அடுத்த ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். வராந்தாவில் அவனைத் துணி மூடிப் போட்டிருந்தார்கள். தங்கச்சி வருவா, தங்கச்சி வருவான்னு மத்தியானம் வரைக்கும் வாசலையே பாத்துக்கினு கெடந்தாரும்மா என்று அங்கே கூட்டிப் பெருக்குகிற அம்மாள் சொன்னாள். அங்கேயே யார் யார் கையையோ காலையோ பிடித்து அடக்கம் செய்துவிட்டு, கீழாநெல்லியை ரயில் ஜன்னல் வழியாக வீசிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அண்ணன் கப்பல் ஏறிட்டாம்மா என்று அம்மாவிடம் சொன்னது அன்றைக்குத்தான்.

ஈஸ்டருக்கு முந்தின அந்தப் பெரிய வாரம் முழுக்க அவள் இதைத்தான் தலைக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டால் அவன் அவளை அறிந்துகொள்வான், ஆனால் வராத தங்கைக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தவனாக அறிந்துகொள்வான். அதைப்போய் அவன் கையில் எப்படிக் கொடுப்பது. சொல்லாமல் விட்டால் கோடி வீட்டுப் படியில் ஆரோக்கியமாக உட்கார்ந்திருப்பான், வெள்ளிக் குச்சியால் காற்றில் சத்தமில்லாமல் அடித்துக்கொண்டு, தெருவில் போகிற எல்லாரையும் பார்ப்பது போல அவளையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு, காலத்துக்கும் இருப்பான். தினமும் எலுமிச்சை டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். தினமும் தேங்க் யூ மேடம் என்றான். பெரிய வெள்ளியன்று அந்தக் கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பும்போது நடுத்தெருவிலேயே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் மாதிரி ஒரு ஆளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள். அவளுக்கு அண்ணன்தான் வேண்டியிருந்தது, ஒரு நாழிகைக்கானாலும் சரி, அதோடு அவன் போய்விட்டாலும் சரி.

ஈஸ்டர் பூசை முடிந்து எல்லாரும் புதுச் சட்டையோடு சுவரில் சாய்ந்திருந்தார்கள். எமல்டா சாயவில்லை. அவர்களுக்கு எதிரில் வந்து நின்றுகொண்டாள்.

"எங்கண்ணன் கப்பல் ஏறல," என்றாள். "பெங்களூர் ஆஸ்பத்திரியில காமாலையில செத்தான். அம்மாவுக்காவ மறச்சிட்டேன்."

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நான் காலை ரயில்லயே போயிட்டேன். எனக்காவ பாத்துக்கினு இருந்தான். வந்துட்டியா பாப்பான்னான். தமிழ்லதான் சொன்னான். என் மடியிலதான் தல வச்சான். தண்ணி குடுத்தேன், குடிச்சான். என் மடியிலதான் போனான்."

சொல்லி முடித்துவிட்டு, மறுக்க யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியாக முனிரத்தினத்தைப் பார்த்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"அன்னிக்கி நானும் அந்த ரயில்லதான் இருந்தேன், எமல்டா," என்றார்.

சக்கரத்துக்கு மேலே, பெட்டி வாசலிலிருந்து ஒரு கை தன்னை நோக்கி நீண்டதும், தான் அதைப் பிடிக்காமல் நின்றதும், பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் அந்தக் கை நீட்டியபடியே போனதும் இப்போது அவளுக்கு நினைவு வந்தது. யாருடைய கை என்று அன்றைக்கு அவள் பார்க்கவில்லை. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டாள்.

"கையில பச்சையா ஒரு மூட்ட வச்சிக்கினு ஓடி வந்தா இந்தப் பொண்ணு," என்றார் முனிரத்தினம், சுவரில் இருந்தவர்களைப் பார்த்து. "வண்டி நவுந்துடுச்சு. பயந்துட்டா. நான்தான் கையப் புடிச்சி மேல ஏத்திவுட்டேன். பெங்களூர் வரிக்கும் எதிர் சீட்லதான் உக்காந்துக்கினு வந்தா. நான் கண்ணால பாத்தது."

பிறகு எமல்டா பக்கம் திரும்பி, "செல்லும்," என்றார்.

எமல்டா அவரைக் கும்பிடக்கூட நிற்காமல் ஓடினாள். அறுபது வயசுக் கால்கள், புதுச் செருப்பு வேறு, அதைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். பாஷா கடையைத் தாண்டி, குழாயடியைத் தாண்டி, புறாவுக்குப் பயந்து குடைக்குள் பதுங்கியிருந்த மால்பியைத் தாண்டி ஓடினாள். கோடி வீட்டுப் படியில் அவன் இல்லை. அவளுடைய வீட்டு வாசலில், நிலையில் சாய்ந்து, கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். தங்கப் பல் அப்படியே இருந்தது, வழுக்கை அப்படியே இருந்தது, கண் மட்டும் மஞ்சளாக இருந்தது. அவள் தெருமுனை திரும்பியதிலிருந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியா பாப்பா," என்றான்.

அது அவளே சற்று முன் சொல்லிக்கொடுத்த வார்த்தைதான், அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் படியிலேயே உட்கார்ந்து அவன் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உடம்பு கொதித்தது. உள்ளே கைநீட்டிச் சொம்பை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை வாயில் விட்டாள், அவன் குடித்தான். சுவரிலிருந்து வந்தவர்கள் பக்கத்தில் வராமல் தெருவின் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள், முனிரத்தினம் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அவன் கண்ணைத் திறந்து, ஏறி இறங்குகிற அவள் மார்பைப் பார்த்தான்.

"ஓடியா வந்தே?" என்றான். "எப்டி மூச்சு வாங்குது பாரு."

"ஆமாண்ணா," என்றாள் எமல்டா. "ஓடித்தான் வந்தேன்."